ஸகீனா மாமி வாங்கிய சம்மதங்கள்

பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த ஜுனைதீனின் தங்கை ஸுபைராவுக்கு எதையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம். பழைய சட்டையைத் தையல் பிரிப்பதுபோல, மனிதர்கள் சொல்வதையும் பிரித்துப் பார்ப்பாள்: எது துணி, எது வெறும் ஒட்டு என்று. துணிக்கடைக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு இது நல்ல குணமாகத்தான் எண்ணப்பட வேண்டும். பெண் பார்க்க வந்தவர்கள் அப்படி எண்ணவில்லை.

முதலில் வந்தவர்கள் பசறைக்காரர்கள். "புள்ளைக்கு நல்லாச் சமைக்கத் தெரியுமா?" என்று மாப்பிள்ளையின் உம்மா கேட்டார்.

"தெரியும். இப்ப ஒங்கட ஊட்டுல ஆரு சமைக்கிற?"

"மூத்த மருமகள்."

"அவ இனிச் சமைக்க மாட்டாவா? ஏன்?"

வட்டிலப்பத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அடுத்து வந்தவர்கள், தங்கள் பையன் கோபமே படாதவன் என்று புகழ்ந்தார்கள். அவன் கோபப்படாமல் இருப்பதற்காக வீட்டில் யார் யார் என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது என்று ஸுபைரா விசாரித்தாள். அவர்கள் வட்டிலப்பத்தைத் தொடவேயில்லை. அதன்பின் ஊரில் அவளுக்கு 'ஏன் ஸுபைரா' என்றே பெயராயிற்று. வட்டிலப்பம் செய்யும் வேலையும் வீட்டில் குறைந்தது.

வாப்பா, உம்மா, வாப்பாவின் வாப்பா எல்லோரும் மௌத்தாகிவிட்டதால் வீட்டுக்குப் பெரியவர் ஜுனைதீன் நாநாதான். ஊருக்கும் தாமே பெரியவர் என்பது அவருடைய எண்ணம். ஊர் அதை மறுக்கவில்லை. மறுத்தால் நின்று விளக்கம் கேட்க வேண்டிவரும். குஞ்சம் வைத்த சிவப்புத் துருக்கித் தொப்பி ஒன்றைக் கொழும்பிலிருந்து வரவழைத்திருந்தார். ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து மாட்டுவண்டியில் அந்தத் தொப்பி தனிப் பெட்டியில் பயணம் செய்து வந்தது. 'சன்மார்க்க முன்னேற்றச் சபை' என்று ஒன்று தொடங்கி, அதற்குத் தாமே தலைவருமானார். சபை மாதந்தோறும் அவர் வீட்டு முன்கூடத்தில் கூடிப் பெண்கல்வியின் அவசியத்தைப் பற்றி விவாதிக்கும். அப்போது அவர் மனைவி லரீபா, திரைக்கு அடியில் தேநீர்த் தட்டை நகர்த்தித் தருவாள். பெண்களின் முன்னேற்றத்தில் அவளுடைய பங்கு அது.

ஒருநாள் மதியம் கடையிலிருந்து வந்தவர் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்தார். தொப்பியோடு உட்கார்ந்தால் அது பேச்சு அல்ல, தீர்மானம்.

"பண்டாரவளைக் காமிலுக்கு ஒன்னக் குடுக்கிறதெண்டு முடிவு செஞ்சாச்சு. வார மாசம் மொத ஜும்ஆவுக்குப் பொறகு நிக்காஹ்."

"ஏன் நாநா?"

"தொடங்கிட்டா! நான் நல்லா யோசிச்சுத்தான் முடிவு செஞ்ச."

"யோசிச்சதச் செல்லுங்களேன், நானும் யோசிக்கிறேன்."

"நல்ல குடும்பம்."

"பசறையில வந்ததும் நல்ல குடும்பம்தானே."

"வசதியான ஆளு."

"நமக்கு வசதிக்கு என்ன கொற?"

"மார்க்கப் பற்றுள்ளவர்."

"ஜும்ஆவுக்கு அவரு வந்து சேர்ற நேரம் எல்லாரும் செருப்புத் தேடுறாங்க எண்டு நீங்கதானே சென்னீங்க?"

ஜுனைதீனின் தொப்பிக் குஞ்சம் ஆடியது. "தோட்டங்களுக்குக் கம்பளி குடுக்கிறவரு! தொரைமாரு எல்லாம் அவரு கைக்குள்ள. சொந்தமாயிட்டா அந்த வியாபாரத்துல நமக்கும்…" என்று வேகமாக வந்தவர், ஒரு காரணம் கைதவறி விழுந்துவிட்டதைக் கண்டு நிறுத்தினார்.

"இது காரணம்," என்றாள் ஸுபைரா. "மத்ததெல்லாம் பொட்டலம் கட்டுற காயிதம்."

"கூடக் கதைக்காதே. அண்டைக்கு ஒண்ட சம்மதம் கேட்டு வருவாங்க. நீ வாயே தொறக்கத் தேவல்ல. சும்மா ஈந்தா போதும்."

ஸுபைரா அந்தக் கடைசி வாக்கியத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சும்மா இருந்தால் போதும். போதுமென்றால் எதற்குப் போதும்? சம்மதத்துக்கு. அப்படியென்றால் சும்மா இராவிட்டால்? இதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. சொல்லாமல் விட்ட இடங்களில்தான் அவளுக்கு வேலை.

ஆனாலும் விசாரிக்காமல் ஒருவரை வேண்டாமென்று சொல்வது நியாயமாகாது. கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு திரைதான். காமில் கடைக்கு வந்தபோது திரைக்கு இப்பால் நின்று அவர் பேச்சைக் கேட்டாள்.

"மழை வருமா? வரும்," என்றார் காமில். "யாவாரம் எப்பிடி, மோசமில்லயா? மோசமில்ல. டீ குடிப்பமா? குடிப்பம்."

ஜுனைதீனுக்கு வாய் திறக்க இடமே கிடைக்கவில்லை. அதற்காகவே காமிலை ஒரு கணம் ஸுபைராவுக்குப் பிடித்துப்போனது உண்மை. அடுத்த கணம், ஆயுள் முழுவதும் அந்தக் கேள்விகளுக்கு எதிரே உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தாள்.

ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்திலிருந்து ஞாயிறுதோறும் கீரை கொண்டுவருபவள் பெரியாயி. பின்வாசலில் அவளிடமும் விசாரித்தாள்.

"காமில் மொதலாளிங்களா?" பெரியாயி கூடையை இறக்கினாள். "அவரு குடுத்த கம்பளியப் போத்திக்கிட்டுப் படுத்தா, குளிரும் உள்ள வந்து நம்ம பக்கத்துலயே படுத்துக்குதுங்க. கெட்ட மனுசன்னு சொல்ல மாட்டேன். ஒரு நா தோட்டத்துக்கு வந்து, 'கம்பளி நல்லாருக்கா? நல்லாருக்கு'ன்னாரு. நான் இல்லீங்கன்னு சொல்ல வாயத் தொறக்கறதுக்குள்ள வண்டி போயிருச்சு."

இனி விசாரிக்க ஒன்றுமில்லை. வேண்டாம் என்பது முடிவாயிற்று. அதை எப்படி நிறைவேற்றுவது என்பதுதான் மிச்சம்.

வாப்பா பேரில் கத்தம் ஓத வந்த இத்ரூஸ் லெப்பையைத் திரைக்குப் பின்னாலிருந்து பிடித்தாள். சின்ன வயதில் அவளுக்கு ஓதிக்கொடுத்தவர்; ஊரில் நிக்காஹ் நடத்திவைப்பவரும் அவரே. நல்ல மனிதர், பதுளையில் எல்லா வீட்டுச் சோறும் சாப்பிட்டவராதலால் எந்த வீட்டுக்கும் எதிராக ஒரு வார்த்தை சொல்ல முடியாதவர்.

"லெப்பே, மார்க்கத்துல ஒரு மஸ்அலா கேக்கணும். ஒரு பொண்ணுக்கு வாப்பா இல்ல, மூத்தவாப்பாவும் இல்ல. நாநாதான் வலியா, பொண்ணுக்குப் பொறுப்பாளியா நிண்டு கலியாணம் செஞ்சு குடுக்கணும். பொண்ணு வாணாம் எண்டா?"

லெப்பை தொண்டையைச் செருமினார். "வாப்பா ஈந்தா வேற கத. நாநா எண்டா பொண்ணுட சம்மதம் கட்டாயம் வேணும். ஆனா வாயால செல்லத் தேவல்ல. வெக்கப்பட்ட புள்ள, பேசாம ஈந்தாலே சம்மதம்."

"அழுதா?"

"அதுலயும் பேச்சு ஈக்கி புள்ள. குளிந்த கண்ணீர் எண்டா சந்தோஷம், சுட்ட கண்ணீர் எண்டா கவல எண்டு சில பெரியவங்க சொல்லீக்கிறாங்க."

"தொட்டுப் பாக்கிறது ஆரு?"

லெப்பை தாடியைத் தடவினார்.

"செரி, வாயத் தொறந்து, கேக்கிற மாதிரி, வாணாம் எண்டு சென்னா?"

"அப்ப நிக்காஹ் கூடாது. ஆனா புள்ள… அப்பிடி ஒரு பொண்ணு சென்னத நான் கேட்டதே இல்லயே."

"செல்ற பொண்ணு ஒருத்தி ஈந்தா நீங்க காதைப் பொத்திக்க மாட்டீங்கதானே?"

லெப்பை பதில் பேசவில்லை. பேசாமல் இருந்தால் சம்மதம் என்று அவர்தானே சொன்னார். ஸுபைரா அப்படியே எடுத்துக்கொண்டாள்.

அடுத்து, நிக்காஹ் அன்று அறைக்குள் யார் யார் இருப்பார்கள் என்று ஒவ்வொருவராகப் பிரித்துப் பார்த்தாள். முதலாவது ஸகீனா மாமி, வாப்பாவின் தங்கை. மட்டக்களப்பில் வாழ்க்கைப்பட்டு, கணவனை இழந்து, அந்த ஊர்க் குரவையோடு திரும்பி வந்தவர். நாக்கைச் சுழற்றி அவர் ஒரு குரவை போட்டால் பதுளை ஓயா ஆற்றுக்கு அப்பால் மேய்கிற மாடு தலை நிமிரும். கல்யாண வீடுகளில் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சம்மதம் வாங்கிக் கொடுப்பது மாமியின் உரிமை. ஊரில் பாதிப் பெண்களின் சம்மதம் அவர் வாங்கியது. பெண் மூக்கை உறிஞ்சினால், "சம்மதமாம்." தும்மினால், "சம்மதமாம்." ஒருத்தி மயங்கியே விழுந்தாள், மாமி அவளைத் தாங்கிப் பிடித்தபடியே, "சந்தோஷத்துல வந்த மயக்கம்," என்று வெளியே சொல்லியனுப்பினார். ஆகவே அழக் கூடாது, தலை குனியக் கூடாது, முணுமுணுக்கக் கூடாது. நடுவில் எவரும் வெட்டிப் பாதியை எடுத்துக்கொள்ள முடியாதபடி வாக்கியம் சின்னதாக இருக்க வேண்டும்.

இரண்டாவது லரீபா மதினி. இங்கே ஸுபைராவின் கணக்கு இன்னும் சுத்தமாக இருந்தது. ஒரு குசினி, இரண்டு பெண்கள். ஒருத்தி போனால் மற்றவளுக்கு லாபம். மதினி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, கொடியை எங்கே கட்டினால் துணி சீக்கிரம் காயும், விறகை எப்படி அடுக்கினால் நனையாது என்றெல்லாம் ஸுபைரா எடுத்துச் சொல்லியிருக்கிறாள். மதினி ஒன்றும் பேசாமல் கொடியை மாற்றிக் கட்டுவாள், விறகை மாற்றி அடுக்குவாள். சொன்னது விளங்கிவிட்டது என்று ஸுபைரா திருப்திப்படுவாள். விளங்கினாலும், ஸுபைரா போவதை விரும்பாமலிருக்க அவளுக்குக் காரணமில்லை. எனவே மதினியிடம் மூச்சுவிடக் கூடாது.

எல்லாம் சரியாக இருந்தது. தையலில் ஒரு பிசிறு இல்லை.

கல்யாண நாள் வந்தது. முன்கூடத்தில் பாய் விரித்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கொல்லையில் பள்ளிவாசலிலிருந்து கொண்டுவந்த பெரிய தேக்சாவில் நெய்ச்சோறு தம் போட்டிருந்தது. அந்த வாசனையில் சபையின் உறுப்பினர்கள் அனைவரும் சன்மார்க்கத்தில் ஆழ்ந்திருந்தார்கள். காமில், "நல்ல கூட்டம் வந்தீக்கா? வந்தீக்கி," என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். ஜுனைதீன் எழுந்து, பெண்ணுக்கு மார்க்கம் கொடுத்திருக்கிற உரிமைகளைப் பற்றி ஒரு சிறு பிரசங்கம் செய்தார். உலகில் வேறெங்கும் பெண்ணின் விருப்பத்தைக் கேட்டுக் கல்யாணம் செய்கிறார்களா என்று சவால் விட்டார். கூட்டம் தலையாட்டியது. பிறகு, விருப்பத்தைக் கேட்டுவிட்டுச் சீக்கிரம் வரும்படி லெப்பைக்குக் கண்காட்டினார்.

லெப்பையும் இரண்டு சாட்சிகளும் உள்ளறைத் திரைக்கு முன்னால் வந்து நின்றார்கள். திரைக்குப் பின்னே பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஸுபைரா, சரிகைச் சேலையும் முக்காடுமாக. வலப்பக்கம் ஸகீனா மாமி. சுவரோரம் லரீபா.

"புள்ள ஸுபைரா," லெப்பை திரையைப் பார்க்காமல் கேட்டார். "பண்டாரவளைக் காமிலுக்கு ஒன்ன நிக்காஹ் செஞ்சு குடுக்க ஒண்ட நாநா நிக்கிறாரு. ஒனக்குச் சம்மதமா?"

ஸுபைரா தலையை நிமிர்த்தினாள். "எனக்கு வாணாம்."

அவள் வாய் மூடுவதற்குள் மாமி நாக்கைச் சுழற்றிவிட்டார். குரவை! மாமி தொடங்கினால் மற்றவர்கள் சேர்ந்துகொள்வதுதான் வழக்கம். என்ன சொன்னாள் என்று கேட்காதவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கேட்டவர்கள் இன்னும் பலமாகச் சேர்ந்துகொண்டார்கள். ஸுபைரா மறுபடி சொன்னாள், கத்தினாள். அறை முழுவதும் நாக்குகள் சுழன்றுகொண்டிருந்தன. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. வெளியே, "அல்ஹம்துலில்லாஹ்! சம்மதம் கெடச்சிட்டுது!" என்று நாநா முழங்குவது மட்டும் கேட்டது.

கேட்கிற மாதிரிச் சொல்ல வேண்டும் என்று ஸுபைரா எண்ணினாளே, கேட்கவிடாமல் செய்ய இத்தனை சந்தோஷம் ஆயத்தமாக இருக்கும் என்று எண்ணவில்லை. லெப்பையின் கால்கள் திரும்புவது திரைக்கு அடியில் தெரிந்தது. அந்தக் கால்கள் கூடத்தை எட்டினால் அவள் பண்டாரவளைக்காரி.

அப்போது குரவை நடுவில் அறுந்தது.

சுவரோரம் நின்ற லரீபா இரண்டே எட்டில் வந்து, ஸகீனா மாமியின் வாயை உள்ளங்கையால் பொத்தியிருந்தாள். மாமியின் கண்கள் பிதுங்கின. தலைமை போனதும் மற்றக் குரவைகள் ஒவ்வொன்றாகத் தடுமாறி நின்றன. கடைசியில் ஒரு கிழவி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் தனியே சுழற்றிவிட்டு, வெட்கப்பட்டு நிறுத்தினாள்.

"லெப்பே, நில்லுங்கோ," என்றாள் லரீபா. அவள் குரலை அந்தக் கூடம் அதற்கு முன் கேட்டதில்லை. "பொண்ணு இன்னம் செல்லி முடியல்ல. செல்லு ஸுபைரா."

"எனக்கு வாணாம்," என்றாள் ஸுபைரா. "அழல்ல. வெக்கமுமில்ல. காமில் எனக்கு வாணாம்."

ஜுனைதீன் திரைவரை பாய்ந்து வந்தார். "லரீபா! பொம்புளைகள்ற குரல் கூடத்துக்குக் கேக்குது! இதுல கதைக்க நீ ஆரு?"

"சாட்சி," என்றாள் லரீபா. "எண்ட கலியாணத்திலயும் நான் இதத்தான் சென்ன. ரெண்டு தரம் சென்ன. இதே மாமிதான் குரவை போட்டா."

மாமியின் வாய் பொத்தப்பட்டிருந்ததால் அவரால் மறுக்க முடியவில்லை. கூடத்தில் தாடிகளெல்லாம் ஒரே நேரத்தில் ஜுனைதீனின் பக்கம் திரும்பின. பெண்களின் உரிமையைப் பற்றிச் சற்றுமுன் உயர்த்திய கை அவருக்கு இன்னும் முழுதாகக் கீழே வந்து சேர்ந்திருக்கவில்லை. அதை என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைச் சரிசெய்தார். தொப்பி சரியாகத்தான் இருந்தது.

எல்லா வீட்டுச் சோறும் லெப்பையின் கண்முன் வந்துபோயிருக்க வேண்டும். பிறகு, தம் வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு வீட்டுக்கு எதிராக ஒரு வார்த்தை சொன்னார்: "நான் கேட்டேன். ரெண்டு சாட்சிகளும் கேட்டாங்க. நாநா வலியா நிண்டா பொண்ணு வாணாமெண்டது வாணாம்தான். இத ஓதி முடிச்சா நாளைக்கு அல்லாஹ்ட நான்தான் பதில் செல்லணும். என்னால ஏலா."

"பொண்ணு வாணாங்கிறாளா?" என்றார் காமில். யாராவது வேறு பதில் சொல்லக்கூடும் என்று சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் சொல்லவில்லை. "வாணாங்கிறா," என்று தாமே முடித்துக்கொண்டார்.

நடவாத கல்யாணத்தின் சோற்றைச் சாப்பிடலாமா என்று பெரியவர்களிடையே ஒரு தர்க்கம் மூண்டது. சமைத்தவர்களின் நிய்யத், அந்த எண்ணம், சுத்தமாக இருந்தது என்றார் ஒருவர். உணவை வீணாக்குவது பாவம் என்றார் இன்னொருவர். அதற்குள் சஹன் தட்டுகளைச் சுற்றி உட்கார்ந்துவிட்டவர்கள் அந்தக் கருத்தைக் கையால் ஆதரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கோபத்தோடுதான் சாப்பிட்டார்கள். இறைச்சி போதவில்லை என்று மட்டும் சொன்னார்கள்.

எல்லோரும் போன பிறகு, குசினியில் லரீபா சஹன்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். ஸுபைரா சரிகைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீர் ஊற்றினாள்.

"மதினி, ஒங்கட கதைய எனக்கு ஏன் ஒரு நாளும் செல்லல்ல?"

"நீ கேட்டியா?" லரீபா தலை நிமிரவில்லை. "ஒனக்குத்தான் எல்லாம் தன்னால விளங்குமே. என்னப் பாத்தே எனக்கு என்ன விருப்பமெண்டு செல்லிருவாய். கொடி இங்க, வெறகு அங்க. நான் ஒண்டும் பேசாட்டிச் சம்மதமெண்டு போயிருவாய். ஸகீனா மாமிக்காவது ஒரு குரவை தேவப்பட்டுது."

ஊற்றிய தண்ணீர் சஹனுக்கு வெளியே போயிற்று. ஸுபைரா எத்தனையோ பேரின் பேச்சைப் பிரித்திருக்கிறாள். இது பிரிக்க வராத வாக்கியம்; முழுசாக வந்து விழுந்தது.

"ஒங்கட விஷயத்த லெப்பைட்டக் கேட்டா…" என்று மெல்லத் தொடங்கினாள்.

"கேட்டாச்சு. நீ கேட்டுட்டுப் போன பொறகு நானும் கேட்டேன். எனக்கு அண்டைக்கு வலியா நிண்டது எண்ட வாப்பா. வாப்பா எண்டா கேக்காமலே குடுக்கலாமாம். எனக்கு அதுல வாசலில்ல. ஒனக்கு ஈந்திச்சு. அத மூடவுட ஏலா எண்டுதான் மாமிக்குக் கிட்ட, சுவரோரமா நிண்ட."

அதற்குள் ஜுனைதீன் குசினி வாசலுக்கு வந்துவிட்டார். தொப்பி தலையிலேயே இருந்தது. "நாளைக்கு வெலிமடைக்கு மாட்டுவண்டி போகுது. சாச்சாட ஊட்டுக்கு அதுல போயிரு. எண்ட மூஞ்சியில கரி பூசினவளுக்கு இந்த ஊட்டுல எடமில்ல."

"இது வாப்பாட ஊடு நாநா," என்றாள் ஸுபைரா. "மூணுல ஒரு பங்கு எண்ட. மார்க்கம் பொண்ணுக்குக் குடுத்த உரிமை. இண்டைக்குப் பகல் நீங்கதான் பயான் செஞ்சீங்க. கூடமும் கடைவாசலும் நீங்க எடுங்க. எனக்குக் குசினியும் கெணறும் போதும்."

ஜுனைதீன் குசினியைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். கூடத்தை வைத்துக்கொண்டு என்ன சாப்பிடுவது என்ற யோசனை முகத்தில் ஓடியது. அவர் உண்மையிலேயே யோசித்தது அன்றைக்கு அதுதான் முதல் தடவை.

ஸுபைரா இன்னும் நாலு வாதம் வைத்திருந்தாள். ஒன்றையும் எடுக்கவில்லை. மதினியின் பக்கம் திரும்பினாள். "நான் இங்க ஈக்கிறது ஒங்களுக்கு விருப்பமா மதினி?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். லரீபா சஹனைக் கவிழ்த்தாள். கையைக் கழுவினாள். சேலைத் தலைப்பில் துடைத்தாள். என்ன சொல்வாள், எதனால் சொல்வாள் என்று ஸுபைராவின் மண்டைக்குள் ஒரு கூட்டமே எழுந்து கை தூக்கியது. எல்லோரையும் உட்கார வைத்தாள். காத்திருப்பது இவ்வளவு கடினமான வேலை என்று அவளுக்குத் தெரியாது.

"இரி," என்றாள் லரீபா கடைசியில். "ஆனா எண்ட கறிச்சட்டிக்குள்ள அகப்பையப் போட்டு உப்பப் பத்தி ஒரு கத கதைச்சாலும், அடுத்த மாப்பிள்ளைக்கு நானே குரவை போடுவேன்."

"கதைக்க மாட்டேன்."

"அப்ப செரி." லரீபா கணவனின் பக்கம் திரும்பினாள். "வெலிமடைக்கு ஆரும் போகல்ல. அந்தத் தேக்சாவப் பள்ளிக்குத் திருப்பிக் குடுக்கணும். ஒரு பக்கம் புடிங்க."

"நானா?"

"வேற ஆரு ஈக்கிறது?"

ஜுனைதீன் தேக்சாவைப் பார்த்தார். அடியில் கரி, விளிம்பில் நெய். குனிந்தால் தொப்பி அதற்குள்தான் விழும். தொப்பியைக் கழற்றி, வைக்க இடம் தேடி, விறகின் மேல் வைத்தார். மறு பக்கத்துக் காதை ஸுபைரா பிடித்தாள்.

"ஒண்டாத் தூக்குங்க நாநா," என்றாள். தூக்கினார்கள்.